ஒதுக்கி வைத்த இரும்பு

ஒஹாயோவில் நாங்கள் குடியிருக்கும் வீட்டைச் சுற்றி ஒன்றரை ஏக்கர் புல்தரை இருப்பதால், அதை வெட்டுவதற்கென்று ஆறு வருஷங்களுக்கு முன் ஒரு விவசாயியிடம் நான் வாங்கிய சிறு டிராக்டர், இண்டர்நாஷனல் ஹார்வெஸ்டர் கம்பெனியார் கெண்டக்கி மாநிலத்து லூயிவில் தொழிற்சாலையில் 1963 முதல் 1965 வரை செய்து விற்ற ‘கப் கேடட் 100’ என்னும் ரகத்தைச் சேர்ந்தது. மஞ்சளும் வெள்ளையுமாய்க் கண்ணுக்கு லட்சணமான அந்த வண்டியின் முன்புறத்தில் இருப்பது விஸ்கான்ஸினைச் சேர்ந்த கோலர் கம்பெனியாரின் ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின். 10 குதிரைச் சக்தி, பெட்ரோலில் ஓடுவது, காற்றால் குளிர்வது, உடல் முழுதும் வார்ப்பிரும்பு. சென்ற கோடையில் அது நீலப் புகை கக்கத் தொடங்கியது. மேட்டில் ஏறும்போது மூச்சு வாங்கியது. ஒவ்வொரு தடவை புல் வெட்டி முடித்த பிறகும் எண்ணெய் மட்டம் ஒரு விரற்கடை இறங்கியிருந்தது.

இந்த நிலையில் பலரும் செய்வது புது ரிங்குகளை மட்டும் வாங்கி மாட்டிவிடுவது. வட்டமான ரிங்கு வட்டமாக இல்லாத துவாரத்தில் எங்ஙனம் படிந்து உட்காரும் என்ற கேள்வியை அவர்கள் கேட்டுக்கொள்வதில்லை. சிலிண்டர் எல்லா இடத்திலும் ஒரே சீராகத் தேய்வதன்று. நெருப்பும் அழுத்தமும் உக்கிரமாக இருக்கும் உச்சியில், எண்ணெய் அரிதாகவே சென்று சேரும் அந்த இடத்தில், தேய்மானம் அதிகம். பிஸ்டனைக் கனெக்டிங் ராடு பக்கவாட்டில் தள்ளும் திசையில் இன்னும் அதிகம். இவற்றோடு காற்று வடிகட்டியின் ஓரத்தில் ஒரு சிறு இடுக்கு இருந்து புழுதி உள்ளே புகுந்துவிட்டால், உப்புத்தாள் வைத்துத் தேய்ப்பது போன்ற காரியம் நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்கான தடவை நடக்கிறது. என் வண்டியில் நடந்தது அதுதான். வடிகட்டியின் உட்புறத்தில், சுத்தமாக இருந்திருக்க வேண்டிய இடத்தில், விரலை வைத்தேன். சாம்பல் நிறமாய் மாவு போல ஒட்டிக்கொண்டு வந்தது.

எஞ்சினை இறக்கிப் பிஸ்டனை வெளியே எடுத்து, அதன் தலையில் கருகியிருந்த கரியைச் சுரண்டியபோது, அடியில் ‘010’ என்ற எண் பொறித்திருப்பது தெரிந்தது. அங்குலத்தில் ஆயிரத்தில் பத்துப் பங்கு பெரிதாக்கிய பிஸ்டன் என்பது அதன் பொருள். ஆகவே எனக்கு முன்பு, யாரோ ஒருவர், எந்த வருஷத்திலோ, இதே சிலிண்டரைக் குடைந்து புதுப்பித்திருக்கிறார். 3¼ அங்குல விட்டமுள்ள இந்தச் சிலிண்டருக்குப் பத்து, இருபது, முப்பது என்று மூன்று படிகளில் பெரிய பிஸ்டன்கள் செய்து விற்றார்கள். அத்தனை தடவை குடைவதற்கும் வேண்டிய கனத்தை முதல் நாளிலேயே சுவரில் விட்டு வார்த்திருக்கிறார்கள். தாங்கள் செய்யும் பொருள் தேயும் என்பதை மறைக்காமல், தேய்வுக்கென்றே இரும்பை ஒதுக்கி வைத்த அந்த நேர்மையின்மேல் எனக்கு உண்டான மரியாதையை நான் எப்படிச் சொன்னாலும் குறைவாகவே இருக்கும். இன்று கடையில் மலிவாகக் கிடைக்கும் புல்வெட்டி எஞ்சின்கள் பலவற்றுக்குப் பெரிய பிஸ்டன் என்பதே கிடையாது. தேய்ந்தால் தூக்கி எறி என்பதே அவற்றின் சித்தாந்தம். அது சிக்கனமும் அல்ல, முன்னேற்றமும் அல்ல என்பது என் திடமான அபிப்பிராயம்.

சிலிண்டரை அளந்து பார்த்ததில், உச்சியில் ஆயிரத்தில் எட்டுப் பங்கு தேய்ந்திருந்தது. கையேடு பொறுத்துக்கொள்வது மூன்று. எங்கள் ஊர் லேத் பட்டறைக்கு அதைத் தூக்கிக்கொண்டு போனேன். அங்கிருந்த கிழவர், தேயாத அடிப்பாகத்தை வைத்து மையத்தை நிர்ணயித்துக்கொண்டு, விட்டத்தில் பத்துப் பங்கு குடைந்தால் ஒரு பக்கத்துக்கு ஐந்துதான் கிடைக்கும், தேய்மானம் முழுவதும் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தால் பள்ளம் மிஞ்சிவிடும் என்று எச்சரித்துவிட்டே வேலையைத் தொடங்கினார். குடைவுளி இறங்கி ஏறியபோது, கறுத்த சுவர் வெள்ளி போல் வெளுத்துக்கொண்டே வந்தது. உச்சியில் மட்டும் ஒரு கட்டைவிரல் ரேகை அளவுக்கு ஒரு நிழல், போகாமல் நின்றது. கடைசிச் சுற்றில் அதுவும் மறைந்தது. நான் மூச்சு விட்டேன். அவர் விட்டாரா என்று கவனிக்கவில்லை.

கிராங்க் முள்ளும் முட்டையாகியிருந்ததால் அதையும் பத்துப் பங்கு சாணை பிடிக்க நேர்ந்தது. இந்த எஞ்சினில் அலுமினியக் கனெக்டிங் ராடு, நடுவே பேரிங்குத் தகடு ஏதுமின்றி நேராகவே அந்த முள்ளின்மேல் சுழல்கிறது; அதன் அடியில் நீட்டியிருக்கும் ஒரு சிறு கரண்டி எண்ணெயை வாரி இறைப்பதைத் தவிர அதற்கு வேறு ரட்சை இல்லை. அதற்கேற்பச் சிறிதாக்கிய ராடும் விலைக்குக் கிடைத்தது. வால்வுகளை அரைத்ததையும், ஹெட்டைக் கண்ணாடிமேல் உப்புத்தாள் விரித்துத் தேய்த்து மட்டமாக்கியதையும் விரிப்பதற்கில்லை. கையும் பொழுதும் இருந்தால் யாருக்கும் வருபவை அவை.

ஆனால் கழுவுவதைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். சிலிண்டரைக் கல்லால் மெருகிட்டபின் அதன் நுண்ணிய கீறல்களில் தங்கிவிடும் கல்தூள் பெட்ரோலுக்கும் மண்ணெண்ணெய்க்கும் அசைந்து கொடுப்பதில்லை; வெந்நீரும் சோப்பும்தான் அதற்கு மருந்து. வெள்ளைத் துணியால் துடைத்தேன், சாம்பல் படிந்தது. மறுபடி கழுவினேன், மறுபடியும் சாம்பல். ஏழாவது துணி வெள்ளையாகவே திரும்பியது. உடனே, துரு ஏறுமுன், எண்ணெய் தடவினேன்.

ரிங்குகளை மாட்டும்போது என் பெண் விளக்குப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“அப்பா, இதுல ஒரு புள்ளி இருக்கு பாருங்க. இது மேல வரணுமா, கீழ வரணுமா?”

“மேலேம்மா. மாத்திப் போட்டா எண்ணெயை மேலே இழுக்கும்.”

அவள் மாட்டிய ரிங்கையும் நான் மறுபடி பார்த்தேன். நான் மாட்டியதை அவள் பார்த்தாள். “முப்பதும் தேஞ்சுட்டா என்ன பண்றது?” என்று கேட்டாள். உள்ளே ஓர் இரும்புக் குழாயை இறுக்கமாகச் செருகி, அதைப் பழைய அளவுக்கே குடைந்துகொள்ளலாம் என்றேன்.

ஏப்ரலில் ஒரு காலை வேளையில் அதை ஓட்டினோம். பூட்டும்போது பூசிய எண்ணெய் எரிந்து இரண்டு நிமிஷம் வெண்புகை வந்தது. பிறகு புகைபோக்கியின் வாயில் காற்று மட்டுமே நடுங்கியது. ஐந்து மணி நேரம் ஓடியதும் எண்ணெயை ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டில் இறக்கி வெயிலில் சாய்த்துப் பார்த்தேன். இரும்பும் இரும்பும் ஒன்றுக்கொன்று இணங்கி வந்ததன் அடையாளமாக, பட்டு இழை போல் சாம்பல் மினுமினுப்பு அதில் ஓடியது. சென்ற வாரம் இரண்டாம் தடவை இறக்கினேன். தட்டின் அடியிலிருந்த நீலப் பூ தெரிந்தது.