பேர் கேட்ட நாளில் பிரிந்தோம்

அன்பான தொண்டைமானாற்று உறவுகளுக்கு,

டொரொன்டோவுக்குத் திரும்பி மூன்று கிழமை ஆகிறது. காலில் இருந்த கொப்புளங்கள் ஆறிவிட்டன. கதிர்காம நடை எப்படி இருந்தது என்று தொலைபேசியில் கேட்கிற எல்லோரிடமும் "நல்லா இருந்தது" என்றே சொல்லி வருகிறேன். அது பாதி உண்மைதான். மீதியைப் பேச முயன்றால் குரல் அடைக்கிறது. அதனால் உங்கள் எல்லோருக்கும் சேர்த்து இந்த மடல்.

இந்த நடை அம்மாவின் நேர்த்தி என்பது உங்களில் மூத்தவர்களுக்குத் தெரியும். 1991இல் நான் ஊரை விட்டுப் புறப்பட்டபோது, பிள்ளை பத்திரமாய்ப் போய்ச் சேர்ந்தால் நம் சந்நிதி கோயிலிலிருந்து கதிர்காமத்துக்கு நடந்தே வருகிறேன் என்று அம்மா ஆற்றங்கரையான் முருகனிடம் நேர்ந்துகொண்டார். நான் போய்ச் சேர்ந்தேன். அம்மாவின் பாதையை யுத்தம் மறித்துவிட்டது. 1998இல் அந்தக் கடனோடேயே அவர் கண்ணை மூடினார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் நான் செய்த முதல் காரியம் அதைத் தீர்க்கப் புறப்பட்டதுதான்.

சந்நிதியில் பூசகர் வாயைத் துணியால் கட்டிச் செய்யும் பூசை பார்த்து, முன்னே வேல் போக, பின்னே நாங்கள் நடந்தோம். ஏறத்தாழ ஒன்றரை மாதம். வற்றாப்பளை அம்மன், திருகோணமலை, வெருகல், மாமாங்கம், மண்டூர், திருக்கோவில் என்று கோயில் கோயிலாகத் தங்கி, கிழக்குக் கரை முழுவதும் காலால் அளந்தோம். விடியப்புறம் நான்கு மணிக்கு எழும்பி வெயில் ஏறும் முன் நடப்பது, மத்தியானம் ஊரவர் தரும் சோறு, இரவு கோயில் மண்டபத்தில் படுக்கை. வழியில் ஒருவரையொருவர் "சாமி" என்றுதான் கூப்பிடுவோம். ஆணும் சாமி, பெண்ணும் சாமி, பத்து வயதுப் பிள்ளையும் சாமி. என்ன ஊர், என்ன ஆட்கள், வெளிநாட்டில் என்ன வேலை என்று யாரும் துருவிக் கேட்கவில்லை. முப்பது வருடத்துக்கு மேலாக "கனடாக்காரி" என்றே ஊரில் அறியப்பட்ட எனக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை நீங்கள் நினைத்துப் பாருங்கள்.

மூன்றாம் நாளே என் குதிக்கால் வெடித்துவிட்டது. முல்லைத்தீவிலிருந்து வந்த ஒரு சாமி என் காலைத் தன் மடியில் தூக்கி வைத்து, வேப்பெண்ணெயை விரலால் தொட்டுத் தொட்டுத் தடவினார். 2009 யுத்தத்தில் மகனைத் தொலைத்தவர் அவர். அதை எனக்கு அவர் சொல்லவில்லை. மடித்த படமொன்றை ஒவ்வொரு கோயிலிலும் வேலின் அடியில் வைத்து எடுப்பதைக் கண்டு நானாக விளங்கிக்கொண்டேன். அன்றிலிருந்து நாங்கள் இருவரும் ஒரே தறப்பாளில் படுத்தோம். பதுளைத் தோட்டத்திலிருந்து வந்த ஒரு தம்பி என் பொதியையும் சேர்த்துச் சுமந்தான். மட்டக்களப்பில் சேர்ந்துகொண்ட எழுபது வயது ஆச்சிதான் எங்கள் எல்லோருக்கும் முன்னே நடந்தவர். பொத்துவிலில் ஒரு முஸ்லிம் தாய் வாசலில் நின்று எல்லோருக்கும் சர்பத் ஊற்றித் தந்தார். பாணமையில் சிங்களக் குடும்பங்களும் எங்களோடு நடந்து உகந்தைக்கு வந்தன.

உகந்தை மலையை விட்டால் காடு. குமண, கும்புக்கன் ஆறு, நாவலடி, வியாழை என்று ஐந்து நாள். கும்புக்கன் ஆற்று மணலில் கையால் ஊற்றுத் தோண்டி, கலங்கல் தெளியும் வரை காத்திருந்து குடித்தோம். யானை நடமாட்டம் உண்டு என்று இரவில் நெருப்பு மூட்டிச் சுற்றிப் படுத்தோம். முல்லைத்தீவுச் சாமி முதன்முதலாய்ச் சிரித்ததை அந்த வெளிச்சத்தில்தான் கண்டேன். பதுளைத் தம்பி பாடிய காவடிச் சிந்து முழுவதும் பிழை. ஆச்சி வரிக்கு வரி திருத்திக்கொண்டிருந்தார்.

கடைசி நாள் விடிய எல்லோரும் எழும்பிவிட்டோம். புறப்பட மட்டும் ஒருவருக்கும் மனம் வரவில்லை. தினமும் எங்களை விரட்டும் ஆச்சி, தன் பொதியை அவிழ்த்து அவிழ்த்து மூன்று தரம் கட்டினார். தூரத்தில் கதிரமலை தெரிந்ததும் "அரோகரா" என்ற சத்தம் காட்டையே நிறைத்தது. எனக்கும் மேனி புல்லரித்தது. அதே கணத்தில், இன்னும் இரண்டு நாள் நடை இருக்கக்கூடாதா முருகா என்றும் மனம் கெஞ்சியது. அம்மாவின் கடன் தீரப்போகிற மகிழ்ச்சியும், இந்த மனிதர்கள் கலையப்போகிற துயரமும் ஒன்றாய் வந்து நெஞ்சை அடைத்தன.

மாணிக்க கங்கையில் முழுகி, ஈரச் சேலையோடு திரைக்கு முன்னால் நின்றேன். அங்கே திரை விலகுவதில்லை. அம்மாவின் பேரைச் சொல்லிக் கற்பூரம் கொளுத்தினேன். முல்லைத்தீவுச் சாமி படத்தை எடுத்து நெஞ்சில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். இருவரும் ஒன்றும் கேட்கவில்லை என்றே நினைக்கிறேன். அழுதோம், அவ்வளவுதான்.

கொடியேற்றம் பார்த்த மறுநாள் பஸ் நிலையத்தில் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "சாமி, உங்கட பேர் என்ன?" என்று கேட்டார். ஒன்றரை மாதம் ஒரே தறப்பாளில் படுத்த எங்களுக்கு ஒருவர் பேர் மற்றவருக்குத் தெரியாது. சொன்னோம். பேர் வந்ததும் ஊரும் வந்தது, பஸ் நம்பரும் வந்தது. அவர் வடக்கே போகும் பஸ்ஸில் ஏறினார், நான் கொழும்புக்கு. நடை முடிந்தது என்பது அந்தப் பேரைக் கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது.

கடன் தீர்க்கப் போன நான் பெரிய கடனோடு திரும்பியிருக்கிறேன். எனக்குச் சோறு போட்ட கைகளும், கால் தடவிய கைகளும் எத்தனை! அந்த வழியில் கண்ட அத்தனை பேரையும் நான் இனித் தேடிப்போய் நன்றி சொல்ல முடியாது. அடுத்து நடக்கிறவர்களுக்குச் செய்வது ஒன்றே வழி.

அதனால் ஊரவர்களே, உங்களிடமும், என்னைப்போல் வெளியே இருக்கும் நம்மவரிடமும் கேட்கிறேன். கோபுரத்துக்கும் தேருக்கும் காசு அனுப்புகிறோம், நல்லது. அதில் ஒரு பங்கை யாத்திரிகர் தங்கும் இடங்களுக்குக் கொடுப்போம். பல இடங்களில் பெண்கள் குளிக்க மறைப்பில்லை, கழிப்பறைக்கு நெடுநேரம் காத்து நின்றோம். இதற்குப் பெரும் பணம் வேண்டியதில்லை. நடக்கப் போகும் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்: காட்டுக்குள் கொண்டுபோகிற பிளாஸ்டிக் போத்தலைக் காட்டிலே விட்டுவிட்டு வரவேண்டாம்.

அடுத்த வருடமும் நம் சந்நிதியிலிருந்து வேல் புறப்படும். அன்னதானக் கந்தனின் ஊர் நாம். அந்தச் சாமிகள் உங்கள் ஒழுங்கையால் போகும்போது படலையைத் திறந்து ஒரு செம்பு மோர் கொடுங்கள். முடிந்தவர்கள் ஒரு நாளாவது அவர்களோடு நடந்து போங்கள்.

இப்படிக்கு,
உங்கள் ஊர்ப் பெண்,
டொரொன்டோவிலிருந்து.