கணக்கு வெளியாகும் வாரமும் சிறு முதலும்

அமெரிக்கப் பங்குச் சந்தைக்கு ஆண்டில் நான்கு பருவங்கள் உண்டு. அங்கே சந்தையில் பங்கு விற்கப்படும் கம்பெனிகள் மூன்று மாதங்களுக்கு ஒரு முறை தம் வரவு செலவுக் கணக்கை வெளியிட வேண்டும் என்பது விதி. ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் ஆகிய மாதங்களின் நடுவில் தொடங்கி, சில வாரங்களுக்கு இக்கணக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தவண்ணம் இருக்கும். இப்பருவத்தில் கணினி, மென்பொருள், குறைகடத்திச் சில்லு ஆகிய தொழில்களைச் சேர்ந்த கம்பெனிகளின் பங்குகளை வாங்கியும் விற்றும் இரண்டொரு நாளில் பொருள் சேர்த்துவிடலாம் என்று எண்ணும் சிறு முதலாளர் பலர்.

தறியும் ஏரும் பேசப்படும் இவ்வேட்டில் அமெரிக்கச் சில்லுக் கம்பெனிக்கு என்ன வேலை என்று அன்பர்கள் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. ஆனால் கைப்பேசி வழியாகப் பங்கு வாங்கும் வசதி இன்று சிற்றூர் வரை வந்துவிட்டது. ரிசர்வ் வங்கியின் திட்டம் ஒன்றின்படி இந்தியர் ஒருவர் ஆண்டுக்கு 2,50,000 டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பலாம். அப்பணத்தைக் கொண்டு அந்நாட்டுப் பங்குகளையும் வாங்கலாம். என்விடியா, இன்டெல் என்னும் பெயர்கள் நம் அங்கத்தினர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் புதியவை அல்ல. ஆகவே இப்பருவத்தின் இயல்பை விளக்குவது நம் கடமை எனக் கருதுகிறோம்.

கணக்கு நன்றாக வந்தால் பங்கின் விலை ஏறும் என்பதே பலருடைய நம்பிக்கை. நடந்தவற்றைப் பார்ப்போம். 2023 மே 24-ஆம் தேதி என்விடியா தன் கணக்கை வெளியிட்டு, அடுத்த மூன்று மாதத்தில் ஏறத்தாழ 1,100 கோடி டாலருக்கு விற்பனை நடக்கும் என்று அறிவித்தது. மறுநாள் அதன் பங்கு சுமார் 24 சதவீதம் ஏறிற்று. 2024 ஆகஸ்டு 28-ஆம் தேதி அதே கம்பெனி 3,004 கோடி டாலர் விற்பனையைக் காட்டியது. முந்திய ஆண்டின் அதே காலத்தைவிட அது 122 சதவீதம் மிகுதி; நிபுணர்கள் மதிப்பிட்டதற்கும் மேலானது. ஆயினும் மறுநாள் பங்கு விலை 6 சதவீதத்திற்கு மேல் இறங்கியது. 2025 பிப்ரவரி 26-ஆம் தேதி வெளியான கணக்கிலும் விற்பனை 78 சதவீதம் உயர்ந்திருந்தது. மறுநாள் விலை 8 சதவீதத்திற்கு மேல் சரிந்தது.

இதில் விந்தை ஒன்றும் இல்லை. மஞ்சள் ஏலத்தை அறிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். வேறு பகுதிகளில் விளைச்சல் குறைவு என்னும் செய்தி பரவியவுடனே வியாபாரிகள் விலையை ஏற்றிக் கேட்கிறார்கள். பிறகு அந்தச் செய்தி மெய்தான் என்று உறுதியாகும் நாளில் விலை மேலும் ஏறுவதில்லை. எதிர்பார்த்த அளவுக்குக் குறைவு இல்லையெனில் இறங்கவும் செய்கிறது. பங்குச் சந்தையிலும் நல்ல செய்தி, கணக்கு வருமுன்பே விலையில் சேர்ந்துவிடுகிறது. கணக்கு வரும் நாளில் விலையை அசைப்பது, எதிர்பார்த்ததற்கும் வந்ததற்கும் இடையிலுள்ள வேறுபாடு மட்டுமே. அந்த எதிர்பார்ப்பை உருவாக்குவோர் பெரிய நிதி நிறுவனங்களைச் சேர்ந்தவர்கள்; அந்தத் தொழிலுக்கென்றே ஆட்களையும் கணினிகளையும் வைத்திருப்பவர்கள். சிறு முதலாளர் அதைக் கேள்விப்படும்போது விலை ஏறி நின்றுவிடுகிறது.

மற்றொரு இடரும் உண்டு. இக்கணக்குகள் பெரும்பாலும் நியூயார்க்கில் மாலை 4 மணிக்குச் சந்தை மூடிய பின்னரே வெளிவருகின்றன. நமக்கு அப்போது நள்ளிரவு கடந்திருக்கும். 2024 ஆகஸ்டு 1-ஆம் தேதி இன்டெல் அவ்வாறு வெளியிட்ட கணக்கு 160 கோடி டாலர் நஷ்டத்தைக் காட்டியது. ஏறத்தாழ 15,000 ஊழியர்களைக் குறைக்கப் போவதாகவும், அவ்வாண்டின் கடைசிக் காலாண்டிலிருந்து பங்காதாயத்தை நிறுத்திவைக்கப் போவதாகவும் அக்கம்பெனி தெரிவித்தது. மறுநாள் அதன் பங்கு 26 சதவீதம் வீழ்ந்தது. ‘விலை இவ்வளவுக்குக் கீழே போனால் விற்றுவிடு’ என்று முன்னரே கட்டளை இட்டிருந்தோமே என்று ஆறுதல் கொள்ளவும் வழியில்லை. விலை படிப்படியாக இறங்கினால்தான் அக்கட்டளை காப்பாற்றும். 100-இல் நின்ற விலை, காலையில் சந்தை திறக்கும்போதே 75-இல் திறந்தால், 75-ஐ ஒட்டியே விற்க நேரும்.

பங்கை நேராக வாங்காமல் ‘ஆப்ஷன்’ வாங்குவோரின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. ஒரு பங்கைக் குறித்த விலையில் குறித்த நாளுக்குள் வாங்கவோ விற்கவோ உள்ள உரிமையை ஒரு சிறு தொகை கொடுத்துப் பெறுவதே ஆப்ஷன் ஆகும். கணக்கு வருமுன் என்ன நடக்குமோ என்ற ஐயம் மிகுந்திருப்பதால் அத்தொகை உயர்ந்திருக்கும். கணக்கு வந்ததும் ஐயம் தீர்ந்து தொகை சுருங்கிவிடும். வானம் கறுத்த மாலையில் குடைக்காரன் கேட்கும் விலையையும், மழை ஓய்ந்த காலையில் அவன் கேட்கும் விலையையும் ஒப்பிட்டால் இது புரியும். எனவே விலை ஏறும் என்று சரியாகவே கணித்தவனும், ஏற்றம் போதிய அளவு இல்லையெனில் பணத்தை இழக்கிறான்.

அடிக்கடி வாங்கி விற்பதன் பலனை அமெரிக்கப் பேராசிரியர்களான பார்பரும் ஓடியனும் முன்னமே ஆராய்ந்துள்ளனர். 1991 முதல் 1996 வரை 66,465 குடும்பங்களின் பங்குக் கணக்குகளை அவர்கள் பார்த்தார்கள். சந்தை ஆண்டுக்கு 17.9 சதவீதம் ஈட்டிய அக்காலத்தில், மிகுதியாக வாங்கி விற்ற குடும்பங்கள் ஈட்டியது 11.4 சதவீதமே.

நம் நாட்டு நிலை இதனினும் கவலைக்குரியது. ரிசர்வ் வங்கியின் மேற்சொன்ன திட்டம் வெளிநாட்டில் முன்பணம் கட்டி ஊக வாணிபம் செய்ய இடந்தரவில்லை. அந்த ஆசையை நம் இளைஞர்கள் உள்நாட்டுச் சந்தையிலேயே தீர்த்துக்கொள்கிறார்கள். செபி வாரியம் 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வின்படி, 2022 முதல் 2024 வரை முடிந்த மூன்று நிதியாண்டுகளில் பங்கு ஊக ஒப்பந்தங்களில் இறங்கிய தனிநபர்களுள் 93 சதவீதத்தினர் நஷ்டமடைந்தனர். அவர்கள் இழந்த மொத்தத் தொகை 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். முக்கால் பங்கினருக்கு மேல் ஆண்டு வருமானம் 5 லட்சத்திற்கும் குறைவு என்று காட்டியவர்கள். இத்தொகை மறைந்து போகவில்லை. அதில் பெரும்பகுதி, கணினி நிரலைக் கொண்டு வாணிபம் செய்யும் பெரிய நிறுவனங்களின் கைக்குப் போயிற்று.

அப்படியானால் பங்கு வாங்குவதே தீதா? பெருமுதலாளிகள் மட்டுந்தான் தொழில் வளர்ச்சியின் பயனை அடைய வேண்டுமா? இக்கேள்வியை நாம் தள்ளிவிடவில்லை. 2025 அக்டோபரில் என்விடியாவின் மொத்தச் சந்தை மதிப்பு 5 லட்சம் கோடி டாலரைத் தொட்டது. மேலே சொன்ன இறக்கங்களைப் பொறுத்துக் கையில் வைத்திருந்தவர் இலாபமே கண்டார். ஆனால் அவ்வாறு பொறுக்க முடிந்தவர், அப்பணம் உடனே தேவைப்படாதவர். வட்டிக்கு வாங்கிப் போட்டவரும், விதைக்கும் நூலுக்கும் வைத்திருந்ததைப் போட்டவரும் இறக்கத்தின்போதே விற்க நேர்ந்திருக்கும். ஒரே பங்கு ஒருவருக்குச் சேமிப்பாகவும் மற்றொருவருக்குச் சூதாகவும் ஆவது இதனாலேயே.

ஆகவே மூன்று செய்திகளைச் சங்கங்களின் முன் வைக்கிறோம். முதலாவது, அங்கத்தினர் கல்விக் கூட்டங்களில் இதையும் ஒரு பாடமாக வைத்து, அங்கத்தினரோடு அவர்கள் வீட்டு இளைஞர்களையும் அழைக்க வேண்டும். இரண்டாவது, பயிர்க்கடனும் தறிக்கடனும் கேட்ட காரியத்திற்கே செலவாகின்றனவா என்று நிர்வாகிகள் நேரில் சென்று பார்க்க வேண்டும். நகைக்கடனில் இத்தகைய கேள்வி கேட்கும் வழக்கம் இல்லையாயினும், தாயின் கழுத்து நகை எதற்காக வருகிறது என்று பரிவோடு விசாரிப்பதில் தவறில்லை.

மூன்றாவது, சங்கங்கள் தம் கடமையில் தவறலாகாது. நெய்து கொடுத்த துணிக்குக் கூலியும், எடை போட்ட விளைபொருளுக்கு விலையும் மாதக்கணக்கில் நிலுவையில் நின்றால், ஒரே இரவில் பணம் வரும் என்னும் பேச்சு இளைஞனுக்கு இனிப்பதில் வியப்பில்லை. அவனைக் கடிந்துகொள்வதற்கு முன், நிர்வாகக் குழுவினர் தம் நிலுவைப் பட்டியலை எடுத்துப் பார்க்க வேண்டும்.

கூட்டுறவுப் பங்கு முகமதிப்பிலேயே நிற்பது. அதன் ஆதாயம் வரம்புக்கு உட்பட்டது. அது ஒருவரையும் ஓரிரவில் செல்வராக்காது. ஓரிரவில் கால்பங்கை இழக்கச் செய்வதும் இல்லை. அதனோடு ஒவ்வொருவருக்கும் ஒரு வாக்கும் உண்டு. அந்த வாக்கைக் கொண்டு கூலியும் விலையும் உரிய நாளில் கிடைக்கச் செய்யுமாறு அன்பர்களை வேண்டுகிறோம். அதன் பிறகும் கையில் மிச்சமிருந்து, சில ஆண்டுகளுக்குத் தேவைப்படாது என்று உறுதியானால், பங்கு வாங்குவதைப் பற்றி யோசிக்கலாம். அதையும் கணக்கு வெளியாகும் வாரத்தின் பரபரப்பு அடங்கிய பிறகே செய்யலாம்.