பிரேக்குக்கும் மூச்சு முட்டும்!

"மாமா, பிரேக்கே பிடிக்கல மாமா!"

இரண்டு மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்காரும் நேரத்தில் அக்கா மகனிடமிருந்து போன். குரல் நடுங்கியது. "எங்கடா இருக்க? அடிகிடி பட்டுச்சா?" என்று பதறினேன். ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்தில், இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் இருந்தான். சொந்தக் காரைக் கொண்டுவந்து ஆசை தீர ஓட்டிப் பார்க்கும் 'டிராக் டே'. நாலாவது ரவுண்டில், நேர்பாதை முடியும் இடத்தில் மிதித்தால் பெடல் பஞ்சு மாதிரி தரை வரை போயிருக்கிறது. நல்லவேளை, அது ரேஸ் டிராக். ஓரத்தில் விட்டிருந்த காலி இடத்தில் இறக்கி நிறுத்திவிட்டான். ஆளுக்கு ஒன்றுமில்லை. காருக்கு பம்பரில் ஒரு கீறல்.

"அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க மாமா."

சரி என்றேன். (அக்கா இந்தப் பத்தியை வாரா வாரம் படிப்பாள் என்பதை அவன் மறந்துவிட்டான்.)

அந்தக் காரைச் சாலையில் நானே ஓட்டியிருக்கிறேன். பிரேக்கில் ஒரு குறையும் கிடையாது. பிறகு ஏன் இப்படி?

ஓடுகிற காரின் வேகம் மாயமாய் மறைந்துவிடாது. பிரேக் பேட் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும்போது அத்தனையும் சூடாக மாறுகிறது. 1,100 கிலோ எடையுள்ள ஒரு சின்னக் கார், 150 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 60-க்கு வருகிறது என்று வையுங்கள். அதில் பிறக்கும் சூடு சுமார் 8 லட்சம் ஜூல். நம் வீட்டு பாஷையில் சொன்னால், இரண்டே முக்கால் லிட்டர் பச்சைத் தண்ணீரைத் தளதளவென்று கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதும். கேஸ் அடுப்பில் பத்து நிமிடத்துக்கு மேல் பிடிக்கிற வேலையை, பிரேக் மூன்று, நான்கு விநாடியில் செய்கிறது!

அதில் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவாக முன் சக்கரங்கள் இரண்டின் தலையில்தான் விழும். டிஸ்க் ஒன்று ஐந்து கிலோ என்றால், ஒரு மிதிக்கு அதன் சூடு 100 டிகிரிக்கு மேல் ஏறும். சாலையில் அடுத்த சிக்னல் வருவதற்குள் ஆறிவிடும். டிராக்கில் ஆறுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடுகிறது. தோசைக்கல்லை அடுப்பிலிருந்து இறக்காமலே தோசை வார்த்துக்கொண்டிருந்தால் நாலாவது தோசை கருகத்தானே செய்யும்?

டிஸ்க்கின் சூடு பேடுக்கு, பேடிலிருந்து காலிப்பருக்கு, அங்கிருந்து பிரேக் ஆயிலுக்கு இறங்குகிறது. ஆயில் கொதித்தால் குமிழி வரும். ஆயிலை அமுக்க முடியாது, குமிழியை அமுக்கலாம். நாம் மிதிக்கிற மிதியெல்லாம் குமிழியை அமுக்குவதிலேயே போய்விடும். பெடல் தரை தொடுவது இதனால்தான். பெடல் கல் மாதிரி கெட்டியாக இருந்தும் வண்டி நிற்கவில்லை என்றால் அது வேறு கதை; அங்கே பேட் சூடாகி வழுக்குகிறது.

அவன் காரின் ஆயில் டப்பாவைத் திறந்து பார்த்தேன். டீ டிகாக்‌ஷன் நிறம். "எப்படா மாத்தின?" என்றால் முழிக்கிறான். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும் குணமுள்ளது. டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. அதில் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் அதே விதி கேட்பது 155 டிகிரிதான். ஆக, முதல் வேலை ஆயில் மாற்றுவது. இரண்டாவது, சூடு தாங்கும் நல்ல பேட். இவை இரண்டும் முடிந்த பிறகுதான் பையன் ஆசைப்பட்ட 'ஏர் டக்ட்', அதாவது பிரேக்குக்குக் காற்று கொண்டுபோகும் குழாய். இந்த வரிசையை மாற்றுகிறவர்களை நிறையப் பார்க்கிறேன். குழாய் வெளியே தெரியும், ஆயில் தெரியாது. வேறென்ன!

எங்கள் பேட்டை டிங்கரிங் கடையில் வேலை தொடங்கியது. ஃபாக் லேம்ப் இரண்டையும் கழற்றிவிட்டு, அந்த ஓட்டை வழியாகக் காற்றை எடுப்பது என்று முடிவு. கார் ஓடும்போது பம்பரின் முன்பக்கம் காற்றழுத்தம் அதிகம் என்பதால் அது சரியான இடம். மூன்று அங்குல ஹோஸ். சாதாரண பிளாஸ்டிக் குழாய் உருகிவிடும். சிலிக்கான் பூசிய, சூடு தாங்கும் வகைதான் வேண்டும்.

முதல் தடவை நான்தான் சொதப்பினேன். குழாயின் வாயை நேராக டிஸ்க்கின் முகத்தைப் பார்த்து வைக்கச் சொன்னேன். சூடான காபியை ஊதுகிற மாதிரி ஊதினால் ஆறிவிடும் என்ற நினைப்பு. கடைக்காரர் ஒன்றும் சொல்லாமல் பழைய டிஸ்க் ஒன்றை எடுத்து வந்து கையில் கொடுத்தார். "நடுவுல பாருங்க சார்."

முன் டிஸ்க் ஒற்றைத் தகடு கிடையாது. இரண்டு தகடுகள், நடுவே சின்னச் சின்னத் தடுப்புகள். சக்கரம் சுற்றும்போது இது ஒரு மின்விசிறி மாதிரி வேலை செய்யும்: நடுவிலிருந்து காற்றை இழுத்து, விளிம்பு வழியாக வெளியே தள்ளும். குழாய் காற்றை அந்த நடுப்பகுதிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தால் இரண்டு தகடும் உள்ளிருந்து ஒரே சீராகக் குளிரும். ஒரு முகத்தில் மட்டும் ஊதினால் அந்தப் பக்கம் குளிர்ந்து, மறுபக்கம் சூடாகவே இருக்கும். நாளாவட்டத்தில் டிஸ்க் கோணிக்கொள்ளும், வெடிப்பும் விடலாம்.

டிஸ்க்குக்குப் பின்னால் இருந்த தூசித் தகட்டைக் கழற்றி, அதே அளவில் அலுமினியத் தகடு வெட்டி, நடுப்பகுதிக்கு நேராக ஒரு குழாய் வாய் வைத்தார் கடைக்காரர். ஸ்டீயரிங்கை இடது கடைசி, வலது கடைசி வரை திருப்பி, வண்டியை ஜாக்கியில் ஏற்றி இறக்கி, ஹோஸ் டயரில் உரசுகிறதா என்று பார்த்தார். உரசியது. இரண்டு கிளாம்ப் போட்டு வழியை மாற்றினார். இந்தச் சோதனையைச் செய்யாமல் விட்டால் முதல் ரவுண்டிலேயே ஹோஸ் கிழிந்து தொங்கும்.

ஃபார்முலா 1 கார்களிலும் இதே தத்துவம்தான். அங்கே கார்பன் டிஸ்க், அதைச் சுற்றிலும் ஆயிரத்துக்கும் மேல் பொடித் துளைகள். ஆனால், கார்பன் பிரேக் ஆறிப்போனாலும் சரியாகப் பிடிக்காது. அதனால் டக்டின் வாயைத் தேவைக்கேற்பப் பெரிதும் சிறிதுமாக வைப்பார்கள்.

போன மாதம் மறுபடி டிராக்குக்குப் போனோம். எட்டு ரவுண்டு. பெடல் கெட்டியாகவே இருந்தது. கடைசி ரவுண்டை பிரேக் அதிகம் தொடாமல் மெதுவாக ஓட்டி ஆறவிடச் சொன்னேன். உள்ளே வந்ததும் ஹேண்ட் பிரேக் போடாதே, கியரில் விட்டுச் சக்கரத்துக்குக் கட்டை வை என்றேன். கொதிக்கிற டிஸ்க்கில் பேட் அழுத்திக்கொண்டு நின்றால் அந்த இடத்தில் அச்சு விழும். பிறகு பிரேக் போடும்போதெல்லாம் வண்டி அதிரும்.

'எங்களுக்கும் ரேஸுக்கும் என்ன சம்பந்தம்?' என்று கேட்பவர்கள் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை நினைத்துக்கொள்ளுங்கள். குடும்பத்தோடு 1,400 கிலோ இருக்கும் கார் 1,000 மீட்டர் உயரம் இறங்கினால், வெளியேற வேண்டிய சக்தி நான் மேலே சொன்ன டிராக் பிரேக்கைப் போல 17 மடங்கு. அத்தனையையும் பிரேக்கிலேயே இறக்கினால் ரேஸ் டிராக்கில் நடந்தது அங்கேயும் நடக்கும், ஓரத்தில் காலி இடம்தான் இருக்காது. மலையில் போகும் வேகத்துக்கு ஏர் டக்டும் பெரிதாக உதவாது. ஏறும்போது எந்த கியர் தேவைப்பட்டதோ அதே கியரில் இறங்கினால் பாதிச் சுமையை இன்ஜின் வாங்கிக்கொள்ளும். கருகல் வாடை வந்தால் ஓரமாக நிறுத்தி அரை மணி நேரம் ஆறவிடுங்கள். சக்கரத்தில் தண்ணீர் ஊற்ற வேண்டாம். காய்ந்த வாணலியில் பச்சைத் தண்ணீர் ஊற்றுகிற கதைதான்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அக்கா போன் செய்தாள். அடுத்த வாரம் ஊட்டி போகிறார்களாம். பையன் விஷயத்தை அப்போதுதான் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "ஏன்டா, என் கார்ல அந்த ஆயிலை எப்ப மாத்தினோம்?" என்றாள்.

வாங்கி நாலு வருடமாகிறது. நாளைக் காலை கடைக்குக் கொண்டுபோகிறேன்.