‘காப்பிலி’ என்று கூப்பிடும் முன்



நிறம் கறுத்து, முடி சுருண்ட பிள்ளைக்கு ‘காப்பிலி’ என்று பட்டம் வைக்கும் பழக்கம் நம் பாடசாலைகளில் இன்னும் போகவில்லை. தோட்டத்துப் பிள்ளை, டவுன் பிள்ளை என்ற வித்தியாசமும் இதில் இல்லை. முதல் பாங்கு சொன்ன பிலால் (ரழி) அபிசீனிய வம்சம் என்று மனப்பாடமாகச் சொல்லும் பிள்ளையின் வாயிலும் இது வருகிறது! அதட்டினால் அன்றைக்கு மட்டும் நிற்கும். அந்தப் பெயருக்குரியவர்கள் யார் என்று சொல்லிக் கொடுக்க வேண்டும்.

சொல் அரபு ‘காஃபிர்’. இஸ்லாத்தில் இல்லாத ஆபிரிக்கரை அரபு வணிகர் அப்படி அழைத்தார்கள், போர்த்துக்கேயர் அதை எடுத்துக்கொண்டார்கள். நமக்கு அது வசவு. புத்தளம் சிரம்பியடியில் வாழும் ஆபிரிக்க வம்சாவளியினருக்கோ அது சொந்த இனப்பெயர்.

ஆபிரிக்கர் இங்கே நேற்று வந்தவர்களல்லர். 1344இல் வந்த இப்னு பதூதா, கொழும்பை ஆண்ட ஜலஸ்தியிடம் சுமார் 500 அபிசீனியர் இருந்ததாக எழுதியிருக்கிறார். பிறகு போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் மூவரும் படைக்கும் அடிமை வேலைக்கும் கொண்டுவந்தார்கள். கொம்பனித்தெருவின் பழைய ஆங்கிலப் பெயரான ‘ஸ்லேவ் ஐலண்ட்’ அந்த அடிமைகளால் வந்தது. இன்று சிரம்பியடியில் பழைய போர்த்துக்கேயக் கலப்பு மொழி பேச்சில் கிட்டத்தட்ட மறைந்துவிட்டது. மஞ்சா பாட்டில் மட்டும் மிஞ்சியிருக்கிறது.

அந்தப் பாட்டை விளங்கிக்கொள்ள வரலாறு மட்டும் போதாது. மொழியியல், இசை, சட்டம், கடல் வணிகம் எல்லாம் வேண்டும். ஆபிரிக்க மக்களையும் அவர்களின் புலம்பெயர்ந்த வம்சங்களையும் இப்படிச் சேர்த்துப் படிக்கும் பல்கலைக்கழகத் துறை அமெரிக்காவில் சும்மா கிடைக்கவில்லை. சான் பிரான்சிஸ்கோ அரசுக் கல்லூரி மாணவர்கள் 1968 நவம்பர் முதல் 1969 மார்ச் வரை வேலைநிறுத்தம் செய்து பெற்றார்கள். இலங்கையில் பிறந்த ஷிஹான் டி சில்வா ஜயசூரிய, ஆசியாவிலுள்ள ஆபிரிக்கரைப் பற்றி லண்டனில் இருந்து பல வருடமாக எழுதிவருகிறார்.

ஹல்துமுல்லையில் இருக்கும் நமக்கு இது ஏன்? 1834இல் பிரித்தானியப் பேரரசில் அடிமை ஒழிப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதே வருடம் மொரீசியஸ் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக இந்தியரைக் கப்பலேற்றத் தொடங்கினார்கள். நம் மலைக்குக் கங்காணிமார் கூட்டிவந்த கதையும் அந்தக் காலத்துக் கதைதான். ஆகவே மலையக மக்களையும் அதே மாதிரி, பல துறைகளும் ஒன்றுசேர்ந்து, பதுளை ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்திலேயே ஆராய வேண்டும் என்கிறோம். ‘படித்தால் என்ன தொழில்?’ என்று பெற்றோர் கேட்பது நியாயம். ஆனால் லயத்துப் பாட்டிமார் பல்கலைக்கழகம் முடிவெடுக்கும்வரை இருப்பார்களா?

அதனால் இந்தத் தவணை விடுமுறையில், வீட்டு மூத்தவர்களின் பாட்டையும் வந்த வழியையும் போனில் பதிவுசெய்து வரும்படி பிள்ளைகளிடம் சொல்லப்போகிறோம். போனைக் கொஞ்ச நேரம் கொடுத்து உதவுங்கள்.