வேஷம் கட்டும் தீவு

மத்தியதரைக் கடலில், ஸிஸிலிக்குத் தெற்கே, மால்ட்டா என்று ஒரு சின்னஞ்சிறு தேசம் இருக்கிறது. பரப்பு 316 சதுர கிலோமீட்டர். ஜனத்தொகை ஐந்து லட்சத்துக்குச் சற்று அதிகம். நம் பூகோளப் புஸ்தகங்களில் அதற்கு ஒரு வரி கிடைத்தால் பெரிது. ஆனால் ஸினிமா பார்க்கும் அன்பர்களில் அநேகர் மால்ட்டாவைப் பார்த்துத்தான் இருக்கிறார்கள். பார்த்தது மால்ட்டா என்பது மட்டும் அவர்களுக்குத் தெரியாது. 1978-ல் வந்த 'மிட்நைட் எக்ஸ்பிரஸ்' படத்தில் துருக்கிச் சிறைச்சாலையாக நின்றது வாலெட்டா நகரத்து எல்மோ கோட்டை. 2000-ல் 'கிளாடியேட்டர்' படத்துக்காக ரோமாபுரி எழும்பியது ரிக்காஸோலி கோட்டைக்குள். அதே கோட்டை 2004-ல் 'டிராய்' படத்துக்காகக் கிரேக்கப் புராண நகரமாயிற்று. ஒரு தேசம் முழுவதும் வேஷக்காரனாகப் பிழைப்பது வேறெங்கும் இவ்வளவு தெளிவாகத் தெரியாது.

இந்தப் பிழைப்புக்குக் காரணம் உண்டு. அந்நிய ஆட்சியின்போது மால்ட்டாவின் ஜீவனம் பிரிட்டிஷ் கடற்படையை நம்பியிருந்தது. கப்பல் பட்டறையில் வேலை, மாலுமிகளுக்குச் சாப்பாடு, சலவை என்று ஊர் நடந்தது. 1964-ல் சுதந்திரம் வந்தது. 1979-ல் கடைசிப் பிரிட்டிஷ் படையும் போயிற்று. பட்டாளத்தான் போன பிற்பாடு அடுப்பு எரிவதெப்படி என்ற கேள்விக்கு அகப்பட்ட விடைகளில் ஒன்று ஸினிமா.

அதற்கென்று அவர்கள் கையில் இருந்த சாமான் ஒரு தண்ணீர்த் தொட்டி. சுதந்திரம் வந்த 1964-ஆம் ஆண்டிலேயே, ரினெல்லா என்ற இடத்தில் கடலோரமாக அது ஏற்பட்டது. 300 அடிக்கு 400 அடி. ஆழம் ஏறத்தாழ ஓர் ஆள் உயரந்தான். விசேஷம் அதன் விளிம்பில் இருக்கிறது. கடலைப் பார்த்த பக்கத்தில் தண்ணீர் கரை தட்டி வழிந்துகொண்டே இருக்கும். காமிராவை இந்தப் பக்கம் வைத்துப் பார்த்தால் தொட்டித் தண்ணீர் எங்கே முடிகிறது, அசல் கடல் எங்கே தொடங்குகிறது என்று கண்ணுக்குப் புலப்படாது. நடுக்கடலில் புயலில் சிக்கிய கப்பலைக் கரையிலிருந்தபடியே படம் பிடிக்கலாம். மாலையில் எல்லாரும் சௌக்கியமாக வீடு போகலாம். பிறகு, 'டைட்டானிக்' கப்பலைக் கடலடியிலிருந்து தூக்குவதாக ஒரு படத்துக்காக, 1979-ல், முப்பதடிக்கு மேல் ஆழமுள்ள இன்னொரு தொட்டியும் கட்டினார்கள். படம் போட்ட முதலை எடுக்கவில்லை. பட முதலாளிக்கு நஷ்டம். தொட்டி மால்ட்டாவுக்கு லாபம்!

'பாப்பாய்' என்ற படத்தின் கதையும் இப்படித்தான். ஒரு குடாவின் கரையில், ஹாலந்து மரமும் கனடா ஓடுபலகையும் கொண்டுவந்து, 165 தொழிலாளர் ஏழு மாதம் உழைத்து ஒரு மரக் கிராமம் கட்டினார்கள். 1980-ல் படம் வந்து போயிற்று. கிராமத்தைப் பிரிக்காமல் வைத்துக்கொண்டார்கள். இன்றைக்கும் பிரயாணிகள் டிக்கட் வாங்கிக்கொண்டு பார்க்கிறார்கள். தச்சு வேலை ஒன்றுக்கு இவ்வளவு நீண்ட வருமானம் அபூர்வம்.

இப்போது தொட்டி மட்டும் போதவில்லை. படக் கம்பெனி தீவில் செலவிடும் பணத்தில், கணக்குத் தணிக்கை ஆனபின், நூற்றுக்கு நாற்பது வரையில் சர்க்கார் ரொக்கமாகத் திருப்பித் தருகிறது. 2024-ல் வெளிவந்த இரண்டாவது 'கிளாடியேட்டர்' படத்துக்கு இவ்வகையில் கொடுத்தது நாலு கோடி யூரோவுக்கு மேல். "இது எங்கள் வரிப்பணம் அல்லவா?" என்று மால்ட்டா ஜனங்கள் கேட்பது நியாயமே. தச்சனுக்கும் தையற்காரனுக்கும் ஹோட்டல்காரனுக்கும் வேலை கிடைக்கிறது என்று சர்க்கார் பதில் சொல்வதிலும் வாஸ்தவம் இருக்கிறது. ஆனால் சலுகையை நம்பி வந்தவன் அடுத்த ஊரில் அதிகச் சலுகை கண்டால் நிற்பானா? கானரித் தீவுகளில் முதல் பத்து லட்சம் யூரோவுக்குப் பாதிக்கு மேலேயே தள்ளுபடி கொடுக்கிறார்கள். இந்த ஏலத்தில் கடைசிவரை ஜெயிப்பவர் எவருமில்லை என்பது என் அபிப்பிராயம்.

'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' என்ற டெலிவிஷன் தொடர் இதைக் கண்கூடாகக் காட்டியது. 2011-ல் வெளியான அதன் முதல் பாகத்தில் ம்தீனா நகரத்து வாசலும், கோஸோ தீவில் கடலுக்கு மேல் இயற்கை வளைத்த கல் தோரணமும் தோன்றின. அந்தத் தோரணத்தருகே படமெடுத்தபோது, பாறை மண்தரையாகத் தெரியவேண்டுமென்று, பாதுகாக்கப்பட்ட பாறைமேல் மணலைக் கொட்டிவிட்டார்கள். தீவில் பெருங் கூச்சல் எழுந்தது. மணலை அள்ளிவிடலாம், பாறை இடுக்கில் வாழ்ந்த பூச்சி புழுக்களை யார் திருப்பிக் கொடுப்பது? இரண்டாம் பாகத்துக்குக் கம்பெனியார் குரோஷியாவின் டூப்ரோவ்னிக் நகரத்துக்குப் போய்விட்டார்கள். கல் தோரணம் 2017 மார்ச்சு 8-ந் தேதி புயலில் இடிந்து கடலில் விழுந்தது. அது காற்றும் அலையும் செய்த வேலை. ஸினிமாக்காரர் மேல் அந்தப் பழியைப் போடலாகாது.

இத்தனை வேஷத்துக்கும் நடுவே மால்ட்டா மால்ட்டாவாகவே வெள்ளித்திரைக்கு வந்தது அபூர்வந்தான். 2021-ல் 'லுட்ஸு' என்று ஒரு படம் வந்தது. கண் தீட்டிய வண்ணப் படகில் மீன் பிடித்துக் குடும்பம் நடத்த முடியாமல் தவிக்கும் ஒருவனுடைய கதை. பேச்சு மால்ட்டா பாஷை. கதாநாயகனாக நடித்தவர் ஜெஸ்மார்க் ஷிக்லூனா, உண்மையிலேயே மீன் பிடிக்கிறவர். அமெரிக்காவில் ஸன்டான்ஸ் படவிழாவில் அவருடைய நடிப்புக்கு விசேஷப் பரிசு கொடுத்தார்கள். அந்தப் படத்துக்குக் கோட்டையில் மாளிகை கட்டவேண்டியிருக்கவில்லை. பாறையில் மணல் கொட்டவும் வேண்டியிருக்கவில்லை.