எல்லாம் ஸ்கீம்தான்!

அரசின் நலத்திட்டமும் ஸ்கீம், நகைக்கடைச் சீட்டும் ஸ்கீம், ஊரை ஏய்ப்பவன் நீட்டுவதும் ஸ்கீம்தான். நம்மூரில் இந்தச் சொல்லுக்கு அநியாய மரியாதை. அமெரிக்கர் காதில் இதே சொல் விழுந்தால் பெரும்பாலும் சூழ்ச்சி வாடைதான் அடிக்கும்.

ஏய்க்கும் ஸ்கீமுக்கு ஓர் உதாரணம்: 1920இல் பாஸ்டனில் சார்லஸ் போன்சி, 45 நாளில் 50 சதவீத லாபம் என்றார். வெளிநாட்டுத் தபால் கூப்பன் வியாபாரம் என்பது வெளியே சொன்ன கதை. உள்ளே நடந்தது, புதியவர் பணத்தை எடுத்துப் பழையவருக்குக் கொடுத்ததுதான். சில மாதங்களில் சாயம் வெளுத்தது.

நம்மூர் நகைக்கடைச் சீட்டுக்கு வருவோம். அது பெரும்பாலும் 11 மாதத்தில் முடிவதற்குக் காரணம் உண்டு. நிறுவனங்கள் பொருளுக்கு வாங்கும் முன்பணத்தை 365 நாளுக்குள் ஈடுகட்டாவிட்டால், விதிப்படி அது வைப்புத்தொகை ஆகிவிடும்.

முறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டங்களுக்கு இந்தியாவின் 2019 சட்டம் தடை போட்டிருக்கிறது. பணம் கட்டுமுன் பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள், ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.