பிள்ளைக்குப் பெரியவர் பற்பசை எப்போது?

சம்பளமும் வீடும் பேச வேண்டிய இடத்தில் பற்பசையைப் பற்றி எழுதுவதா என்று சில தோழர்கள் நகைக்கக்கூடும். பல்வலியால் அழும் பிள்ளையை இரவு முழுதும் மடியில் போட்டு விழித்திருந்து, விடியுமுன் பெரட்டுக்கு ஓடும் தாயைக் கேளுங்கள். இது சிறிய விஷயம் என்று அவள் சொல்லமாட்டாள். அன்று அவள் வெட்டும் நிரையிலும் அந்த இரவின் களைப்பு தெரியும். ஆகவே இதுவும் தொழிலாளர் பிரச்சினைதான் என்பது நம் கருத்து.

சிரம்பானிலிருந்து பகாவ் வரை, ரந்தாவிலிருந்து தம்பின் வரை, நம் தோட்டத்துப் பெற்றோர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: பிள்ளை எத்தனை வயதில் பெரியவர்களின் பற்பசைக்கு மாறலாம்? ஆறு என்பார் ஒருவர். பன்னிரண்டு என்பார் இன்னொருவர். உப்பும் கரியும் போதாதா என்பார் வீட்டுப் பெரியவர். இந்தக் குழப்பத்தில் பல பிள்ளைகள் ஒன்றும் போடாமல் வெறும் பிரஷைக் கடித்துக்கொண்டு திரிகின்றன.

நம் விடை இது. வயதைக் கேட்பதற்கு முன்னால் டியூபின் முதுகைப் பாருங்கள். முன்பக்கத்தில் முயலும் கரடியும் இருக்கிறதா என்பது முக்கியமல்ல. பின்பக்கத்தில் புளோரைட் எவ்வளவு என்று அச்சடித்திருக்கும் எண்தான் முக்கியம். இனிப்பைத் தின்ற வாயில் கிருமிகள் புளிப்பை உண்டாக்குகின்றன. அந்தப் புளிப்பு பல்லின் மேற்பூச்சைக் கரைக்கிறது. கரைந்த இடத்தை மறுபடி இறுகச் செய்வது புளோரைட். உப்புக்கும் கரிக்கும் இந்த வேலை தெரியாது.

பெரியவர்களுக்கான சாதாரணப் பற்பசையில் 1,000 முதல் 1,500 பி.பி.எம். வரை புளோரைட் இருக்கும். 1,000 பி.பி.எம். என்றால் ஒரு கிராம் பசையில் ஒரு மில்லிகிராம் என்று பொருள். கணக்கெழுதும் கிராணிமார் இதைத் தம் லயத்தாருக்கு எடுத்துச் சொல்லலாம். சிறுவர் பசை சிலவற்றில் 500தான் உண்டு. சிலவற்றில் அறவே இல்லை. சிலவற்றிலோ பெரியவர் பசையில் உள்ள அளவே உண்டு. ஆகவே படத்தைப் பார்த்துக் கூடுதல் காசு கொடுத்து வாங்கியது, வீட்டிலிருக்கும் டியூபைவிடக் குறைந்த காவலையே பிள்ளைக்குத் தரக்கூடும்.

அப்படியானால் பெரியவர் பசையைக் கைக்குழந்தைக்கும் கொடுக்கலாமா? கொடுக்கலாம், ஆனால் அளவு உண்டு. முதல் பல் முளைத்த நாளிலிருந்து மூன்று வயது வரை ஓர் அரிசிமணி அளவு. மூன்றிலிருந்து ஆறு வயது வரை ஒரு பட்டாணி அளவு. முன்பு மிகச் சிறு பிள்ளைகளுக்குப் புளோரைட் பசை வேண்டாம் என்றே சொல்லி வந்தார்கள். 2014ஆம் ஆண்டு அமெரிக்கப் பல் வைத்தியர் சங்கம் அதை மாற்றி, முதல் பல்லிலிருந்தே இந்த அளவில் போடலாம் என்று அறிவித்தது. உலகச் சுகாதார நிறுவனமும் 2021இல் புளோரைட் பற்பசையை அத்தியாவசிய மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. விளம்பரத்தில் காட்டுவது போலப் பிரஷ் முழுவதும் நீட்டி வைப்பது கடைக்காரருக்கு லாபமே தவிரப் பிள்ளைக்கு அல்ல.

அளவு ஏன் என்று கேட்கலாம். சிறு பிள்ளை பசையை விழுங்கிவிடும். தாடைக்குள் பல் உருவாகும் வயதில் அதிகப் புளோரைட் வயிற்றுக்குள் போனால், பின்னர் முளைக்கும் பல்லில் வெள்ளைத் திட்டுகள் விழும். மிகுந்தால் பல் பழுப்பேறும். நம்மில் சேலம் ஜில்லாவிலிருந்து வந்த குடும்பங்கள் உண்டு. 1965 வரை அந்த ஜில்லாவில் சேர்ந்திருந்த தருமபுரிப் பகுதியில் நிலத்தடி நீரிலேயே புளோரைட் மிகுதி. அங்கே பல் கறைபட்டவர் பலர். அந்தக் கதையைக் கேட்டு இங்கே புளோரைட் என்றதும் அஞ்சுவது பொருந்தாது. அங்கே நாள்தோறும் குடிக்கும் தண்ணீரில் மிகுதி. இங்கே துப்பிவிடும் ஓர் அரிசிமணி. நம் நாட்டில் குழாய்நீரில் புளோரைட் சேர்க்க 1972இல் அமைச்சரவை இசைந்தது. 0.7 பி.பி.எம். ஆக இருந்த அளவு 2005இல் 0.5 ஆகக் குறைக்கப்பட்டது. கிணற்று நீரையோ ஓடை நீரையோ நம்பியிருக்கும் லயங்களுக்கு இந்தப் பயன் கிட்டாது. அங்கே பசைதான் காவல்.

ஆறு வயதுக்கு மேல் பிள்ளை நன்றாகத் துப்பக் கற்றிருந்தால், பெரியவர்களைப் போலவே துலக்கலாம். இந்த வயதுக்கு வேறொரு காரணமும் உண்டு. ஏறக்குறைய ஆறு வயதில், பால்பற்களுக்கெல்லாம் பின்னால், முதல் நிரந்தரக் கடைவாய்ப்பல் சத்தமின்றி முளைக்கிறது. எந்தப் பல்லும் விழாமல் முளைப்பதால் அதுவும் பால்பல்தான், விழுந்துவிடும் என்று எண்ணிவிடுகிறோம். அது விழாது, அது போனால் வேறு வராது. மாற வேண்டிய காலத்தில் மாறாமல் புளோரைட் இல்லாத இனிப்புப் பசையிலேயே பிள்ளையை வைத்திருந்தால், முதலில் பலியாவது இந்தப் பல்தான். பசையின் காரம் நாக்கைச் சுடுகிறது என்று பிள்ளை அழுதால், காரம் குறைந்ததாக வாங்குங்கள். ஆனால் எண் 1,000க்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பல் கூச்சத்துக்கும் பல் வெளுக்கவும் விற்கும் பசைகளையும், பல் வைத்தியர் பெரியவருக்கென்று எழுதிக்கொடுத்த பசையையும் பிள்ளைக்குத் தரவேண்டாம். எந்த டியூபும் பிள்ளை கைக்கு எட்டும் இடத்தில் இருக்கக்கூடாது. நிறைய விழுங்கிவிட்டால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

இனி முக்கியமான சங்கதிக்கு வருவோம். பசை எதுவானாலும் துலக்கிவிட ஒரு கை வேண்டும். ஏழெட்டு வயது வரை பிள்ளையின் கைக்கு அந்த நிதானம் வராது. ஆனால் பால்மரம் வெட்டுகிறவரின் காலைப்பொழுது அவருடையதல்ல. பிள்ளை கண்விழிக்கும்போது தாய் நிரையில் நிற்கிறாள். காலையில் நிர்வாகம் எடுத்துக்கொள்ளும் நேரத்தை இரவில் நாம் மீட்டுக்கொள்வோம். படுக்குமுன் தாயோ தந்தையோ இரண்டு நிமிடம் துலக்கிவிட வேண்டும். துப்பச் சொல்லுங்கள், தண்ணீர் விட்டு நிறையக் கொப்பளிக்க வேண்டாம், மருந்து கழுவிப் போய்விடும். அதன்பின் டின்பால் கலந்த தேநீரைப் புட்டியில் ஊற்றி வாயில் வைத்துத் தூங்கவைக்கும் வழக்கம் ஒழிய வேண்டும். அது இருக்கும்வரை எந்தப் பசையும் பல்லைக் காக்காது.

காலை வேளைக்கு ஆயாக்கொட்டகை பொறுப்பேற்க வேண்டும். தொழிலாளர் வீட்டுவசதி பற்றிய 1990ஆம் ஆண்டுச் சட்டம் தோட்டத்துக் குழந்தைக் காப்பகங்களைப் பற்றியும் பேசுகிறது. கொட்டகை இருக்கும் தோட்டங்களில் ஒவ்வொரு பிள்ளைக்கும் பெயரெழுதிய பிரஷ் ஒன்றும், எல்லோருக்கும் பொதுவாக ஒரு டியூபும் வைக்க எவ்வளவு செலவாகும்? பல ஏக்கர் பால் எடுக்கும் நிர்வாகத்துக்கு அது ஒரு செலவே அல்ல. அரிசிமணி எவ்வளவு, பட்டாணி எவ்வளவு என்று ஆயாவுக்குக் காட்டிக்கொடுத்தால் போதும். பினாங்கில் 1949 முதல் பல் தாதியரைப் பயிற்றுவித்துப் பள்ளிகளுக்கு அனுப்பிவரும் நாடு இது. பள்ளிக்கு வரும் பல் தாதி, பள்ளி வயது வராத நம் பிள்ளைகளையும் பார்க்கும்படி தலைமையாசிரியரும் தோட்டத் தலைவர்களும் சேர்ந்து கேட்கலாம்.

தோழர்களே! அடுத்த கிளைக் கூட்டத்தில் இதை ஒரு தீர்மானமாகக் கொண்டுவாருங்கள். இன்றிரவே வீட்டு டியூபின் முதுகைத் திருப்பி எண்ணைப் படியுங்கள். படிக்கத் தெரியாதவருக்குப் பக்கத்து வீட்டுப் பள்ளிப்பிள்ளை படித்துச் சொல்லட்டும். நம் பிள்ளைகள் பல் தெரியச் சிரித்து வளரட்டும்.